பிறப்புறுப்பு வறட்சி: தானாகப் போகாது, மருந்து இருக்கிறது

மாதவிலக்கு நிற்கும் வயதில் உடம்பு திடீரென்று தகிப்பதையும் ராத்திரி வியர்த்துக் கொட்டுவதையும் பெண்கள் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். ‘கீழே காய்ந்துபோய் எரிகிறது’ என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பொறுத்துக்கொண்டால் போய்விடும் என்ற எண்ணம். தகிப்பும் வியர்வையும் பெரும்பாலோருக்குச் சில வருடங்களில் தணிந்துவிடும் என்பது உண்மைதான். பிறப்புறுப்பு வறட்சி அப்படித் தணிவதில்லை. கவனிக்காமல் விட்டால் வயது ஏற ஏற அதுவும் ஏறும். மாதவிலக்கு நின்ற பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருக்கிறது. சிகிச்சை எடுப்பவர்கள் மிகக் குறைவு.

இது தாம்பத்தியம் பற்றிய அத்தியாயம் என்று நினைத்து, ‘இனிமேல் எனக்கெதற்கு’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கணவரை இழந்தவருக்கும் இது வரும், திருமணமே செய்துகொள்ளாதவருக்கும் வரும், எழுபது வயதுப் பாட்டிக்கும் வரும். உட்கார்ந்தால் உறுத்தும். உள்ளாடையின் தையல் உரசினாலே எரியும். ஸ்கூட்டரில் போய்வந்த அன்று வலி இருக்கும். சிறுநீர் கழிக்கும்போது சுருக்கென்று இழுக்கும், போய்வந்த கொஞ்ச நேரத்தில் மறுபடி போகத் தோன்றும், ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கும். உறவின்போது வலியும் அதன்பிறகு லேசான ரத்தக்கசிவும் இந்தத் தொல்லைகளில் ஒரு பகுதி மட்டுமே.

நம் வீடுகளில் இதற்குக் கிடைக்கும் முதல் விளக்கம் ‘உடம்புச் சூடு’. மோர், இளநீர், ஊறவைத்த வெந்தயம், எண்ணெய்க் குளியல் என்று வைத்தியம் நடக்கும். இவற்றால் கெடுதல் இல்லை. தண்ணீர் குறைவாகக் குடிக்கிறவருக்கு நீர்க்கடுப்பு சற்றுக் குறையவும் செய்யும். வறட்சி மட்டும் அப்படியே இருக்கும், ஏனென்றால் அதன் காரணம் வேறு.

உள்ளே நடப்பது

சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் யோனியின் உட்சுவரைத் தடிமனாகவும் மடிப்புகளோடும் நெகிழ்வாகவும் வைத்திருக்கிறது. அந்தச் சுவரின் செல்களில் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் சேர்ந்திருக்கும். அதைக் கொண்டு லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். இளவயதில் அந்த இடத்தின் பி.எச். அளவு 3.8 முதல் 4.5 வரை, நல்ல புளிப்பாக இருப்பது இதனால்தான். அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் எளிதில் பெருகாது.

ஈஸ்ட்ரோஜன் வற்றியதும் சுவர் மெலிகிறது, மடிப்புகள் தட்டையாகின்றன, ரத்த ஓட்டம் குறைகிறது. கிளைக்கோஜன் இல்லாததால் நல்ல பாக்டீரியாக்கள் ஒதுங்க, புளிப்பு குறைந்து பி.எச். 5-க்கு மேல் ஏறிவிடுகிறது. ஆசனவாய்ப் பக்கமிருந்து வரும் ஈ.கோலி கிருமிக்கு இது வசதி. சிறுநீர் வெளியேறும் குழாயும் சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியும் ஈஸ்ட்ரோஜனை நம்பியிருப்பவை. எனவே அவையும் சேர்ந்து மெலிகின்றன. இந்தக் காரணத்தால்தான் 2014-ல் வட அமெரிக்க மாதவிடாய் நிறுத்த மருத்துவ அமைப்பும் பெண்களின் பாலியல் நலத்துக்கான சர்வதேச அமைப்பும் யோனித் தொல்லைகளையும் சிறுநீர்த் தொல்லைகளையும் ஒரே நோய்த்தொகுப்பாகச் சேர்த்தன. ஐம்பது வயதுக்கு மேல் வருடத்தில் மூன்று நான்கு தடவை யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்து, ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாட்டிக் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பும் பெண்களுக்கு இந்தத் தொடர்பை யாராவது எடுத்துச் சொல்லியாக வேண்டும்.

உறவின்போது உண்டாகும் ஈரம் பெரும்பாலும் சுரப்பியிலிருந்து வருவதில்லை. கிளர்ச்சியில் யோனிச் சுவரின் ரத்தக்குழாய்கள் நிரம்பி, அவற்றிலிருந்து நீர் கசிகிறது. அதற்கு நேரம் வேண்டும். வயது கூடக்கூட இன்னும் அதிக நேரம் வேண்டும். ஈரம் இல்லையென்றால் ‘இவளுக்கு என் மேல் பிரியம் இல்லை’ என்று கணவர் முடிவுகட்டுவதும், ‘எனக்கு ஆசையே செத்துவிட்டது’ என்று மனைவி நம்பிக்கொள்வதும் தவறு. மனதில் ஆசை இருந்தும் மெலிந்த சுவரில் நீர் கசியாமல் போகலாம்.

நம் ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. இளவயதில் இயல்பாகப் படும் வெள்ளையைப் பார்த்து ‘எலும்பு உருகிப் போகிறது’ என்று பயந்து லேகியம் சாப்பிட்டவர்கள், ஐம்பதில் அது அடியோடு நின்றதும் ‘நல்லவேளை, சுத்தமாகிவிட்டது’ என்று நிம்மதி அடைகிறார்கள். அந்த வெள்ளைதான் அதுவரை அவர்களுக்குக் காவலாக இருந்தது.

யாருக்கெல்லாம் வரும்

முதல் இடம் மாதவிலக்கு நின்றவர்களுக்கு. மேலை நாடுகளில் அது சராசரியாக 51 வயதில் நிற்கிறது, இந்தியப் பெண்களுக்கு 46, 47-லேயே நின்றுவிடுகிறது. வாழ்நாளில் முப்பது வருடத்தை ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் கழிக்கிறோம் என்று அர்த்தம். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் முப்பத்தெட்டு வயதிலும் ஒரே நாளில் அந்த நிலை வந்துவிடும். கர்ப்பப்பை அறுவை செய்துகொண்ட பலருக்குச் சினைப்பை இருக்கிறதா இல்லையா என்பதே தெரிவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள், புரியாவிட்டால் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

அடுத்தவர்கள் பாலூட்டும் தாய்மார்கள். இவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லிவைப்பதில்லை. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின், சினைப்பையின் வேலையை அடக்கிவைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் மாதவிலக்கு நின்றவர்களின் அளவுக்கே இறங்கிவிடும். தாய்வீட்டிலிருந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவர் வீட்டுக்குத் திரும்பும் பெண் அங்கே முதல் தடவை வலியால் துடித்துப்போய், தையல் போட்ட இடம் பிரிந்துவிட்டதோ என்று பயப்படுகிறாள். பெரும்பாலும் தையல் நன்றாகத்தான் ஆறியிருக்கும். பால் கொடுப்பது குறைந்து மாதவிலக்கு திரும்பும்போது வறட்சியும் போய்விடும். அதுவரை வழவழப்புக்கு ஒரு ஜெல் போதும். அப்படியும் தாங்கமுடியாத வலி என்றால் தையலைப் பரிசோதித்துவிட்டு, குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீமைச் சில வாரங்களுக்கு மட்டும் டாக்டர் எழுதித்தரக்கூடும்.

மருந்துகளாலும் வறட்சி வரும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள், எண்டோமெட்ரியோசிஸுக்குப் போடும் லியூப்ரோலைடு ஊசி, கீமோதெரபி, மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் எல்லாம் இதில் சேரும். மூக்கொழுகலை நிறுத்தும் சளி மாத்திரை மூக்கை மட்டுமே காயவைக்கும் என்பதற்கில்லை. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு வறட்சியும் பூஞ்சைத் தொற்றும் சேர்ந்தே வரலாம். கண்ணும் வாயும் கூடவே காய்ந்து, மூட்டுகளும் வலித்தால் ஷோக்ரன் நோய் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

முதலில் நிறுத்த வேண்டியவை

சோப்பு. குளியல் சோப்பின் பி.எச். பெரும்பாலும் 9, 10. வெளிப்புறத்துக்குச் சாதாரணத் தண்ணீர் போதும். யோனியின் உட்பகுதி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அங்கே தண்ணீர்கூடப் பீய்ச்சத் தேவையில்லை. எரிகிறதே, கிருமியாக இருக்கும் என்று டெட்டால் கலந்த தண்ணீரில் கழுவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மெலிந்த தோலில் அது புண்ணை உண்டாக்கும். வாசனை வாஷ், வாசனை நாப்கின், டால்கம் பவுடர், எல்லாம் தள்ளி வையுங்கள். படிகாரத் தண்ணீரும் ‘இறுக்கமாக்கும்’ என்று இணையத்தில் விற்கும் ஜெல்லும் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். தயிரையோ கற்றாழைச் சோற்றையோ உள்ளே வைப்பதும் வேண்டாம்.

தண்ணீர்விட்டான் கிழங்கு, சோயா பற்றிக் கேட்பார்கள். உணவாகச் சாப்பிடுவதில் தடையில்லை. யோனி வறட்சியைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லாததால், அதை நம்பி வருடங்களைக் கடத்த வேண்டாம்.

கடையில் வாங்கக்கூடியவை

இரண்டு வகை உண்டு. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. உறவுக்குச் சற்று முன் தடவுவது லூப்ரிகன்ட். வாரத்தில் இரண்டு மூன்று நாள், உறவு உண்டோ இல்லையோ, உள்ளே வைத்து ஈரப்பதத்தைத் தக்கவைப்பது வெஜைனல் மாய்ஸ்சரைசர். பின்னதில் ஹயலூரானிக் அமிலம் உள்ளவை இப்போது பெரிய மெடிக்கல் ஷாப்களிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. அன்றாட எரிச்சலுக்கு மாய்ஸ்சரைசர் வேண்டும், லூப்ரிகன்ட் மட்டும் போதாது.

லூப்ரிகன்டில் நீர் சேர்ந்தது, சிலிகான், எண்ணெய் என்று மூன்று இருக்கின்றன. நீர் சேர்ந்தது கழுவ எளிது, ஆணுறையோடு பயன்படுத்தலாம். ஆனால் சீக்கிரம் காயும். காய்ந்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள். சிலிகான் நெடுநேரம் நிற்கும், வலி அதிகம் உள்ளவர்களுக்கு அது நல்லது. படுக்கை விரிப்பில் கறை படியும் என்பது ஒரு குறை. தேங்காய் எண்ணெயைப் பலர் சொல்லாமலே பயன்படுத்துகிறார்கள். வாசனை சேர்க்காத சுத்தமான எண்ணெய் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. லேடெக்ஸ் ஆணுறையை அது சில நிமிடங்களிலேயே பலவீனமாக்கிவிடும். ஆகவே கருத்தடைக்கு ஆணுறையை நம்பியிருப்பவர்கள் எண்ணெயைத் தொடக்கூடாது. வாஸலின் வேண்டாம், தொற்றுக்கு இடம் கொடுக்கும். எச்சில் உடனே காய்ந்துவிடும். குழந்தைக்கு முயல்பவர்கள் சாதாரண லூப்ரிகன்டைத் தவிர்க்க வேண்டும், பல ஜெல்கள் விந்தணுவின் ஓட்டத்தைக் கெடுக்கும். விந்தணுவைப் பாதிக்காதது என்று குறிப்பிட்டே விற்கிறார்கள்.

நீர் சேர்ந்த ஜெல் வாங்கும்போது அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். கிளிசரினும் புரொப்பிலீன் கிளைகாலும் முதல் வரியிலேயே இருந்தால் அந்த ஜெல் அடர்த்தி மிகுந்தது. அது செல்களிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும், தடவியதும் எரியும். உலக சுகாதார நிறுவனம் 2012-ல் இதற்கு ஓர் அளவு சொன்னது. ஆஸ்மோலாலிட்டி எனப்படும் அந்த அடர்த்தி 380-க்குள் இருப்பது உத்தமம், 1200-ஐத் தாண்டக்கூடாது, பி.எச். 4.5 அளவில் இருக்கவேண்டும். அட்டையில் இந்த எண்கள் இல்லாவிட்டால், முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ‘கிளுகிளுப்பு’, ‘வார்மிங்’ என்று போட்டிருப்பதை வாங்கவே வேண்டாம்.

ஈஸ்ட்ரோஜன் க்ரீம்

மேலே சொன்னவை ஈரத்தைக் கொடுக்கும், மெலிந்த சுவரை மீட்டுத் தராது. அதைச் செய்வது யோனியில் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன். இந்தியாவில் எஸ்ட்ரியால் க்ரீமும், கான்ஜுகேட்டட் ஈஸ்ட்ரோஜன் க்ரீமும் டாக்டர் சீட்டின் பேரில் கிடைக்கின்றன. எஸ்ட்ரடையால் 10 மைக்ரோகிராம் யோனி மாத்திரையும் உண்டு. வழக்கமான முறை, முதல் இரண்டு வாரம் தினமும் ராத்திரி, பிறகு வாரம் இரண்டு நாள். திங்கள், வியாழன் என்று கிழமையை வைத்துக்கொண்டால் மறக்காது.

வைக்கும் விதத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். க்ரீமோடு ஒரு பிளாஸ்டிக் அப்ளிகேட்டர் வரும், அதில் அளவுக்கோடு இருக்கும். ட்யூபின் வாயில் அதைத் திருகி, சீட்டில் எழுதிய கோடு வரை மட்டும் நிரப்புங்கள். பலருக்கு அரை கிராமே போதும், முழுக் குழலையும் நிரப்பத் தேவையில்லை. கழிவறைக்குப் போய்வந்து, கையைக் கழுவி, முழங்கால்களை மடக்கி மல்லாந்து படுங்கள். உள்ளே விடும்போது எரிந்தால் அப்ளிகேட்டரின் நுனியில் கொஞ்சம் ஜெல் தடவிக்கொள்ளலாம். அதுவும் முடியாதவர்கள் விரல் நுனியில் பட்டாணி அளவு எடுத்து உட்சுவரில் தடவினால் போதும். வாசல் பகுதியிலும் சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றியும் மெல்லியதாகப் பூசுங்கள், எரிச்சல் அங்கேதான் அதிகம். உறவு கொள்ளும் ராத்திரியில் இதை வைக்கக்கூடாது, லூப்ரிகன்டாகவும் பயன்படுத்தக்கூடாது. அப்ளிகேட்டரை வெதுவெதுப்பான தண்ணீரிலும் சோப்பிலும் கழுவிக் காயவையுங்கள்.

முதல் சில நாள் லேசாக எரியலாம். பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் தெரியும். முழுப் பலனுக்குப் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்து நாள் போட்டுவிட்டு ‘கேட்கவில்லை’ என்று அலமாரியில் போட்டுவிடுவதுதான் இந்தச் சிகிச்சை தோற்பதற்கு முதல் காரணம்.

சிறுநீர்த் தொற்றுக்கு இது என்ன செய்யும் என்பதை 1993-ல் இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. அடிக்கடி தொற்று வரும், மாதவிலக்கு நின்ற 93 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். எஸ்ட்ரியால் க்ரீம் வைத்தவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 0.5 தடவை தொற்று வந்தது. வெறும் க்ரீம் வைத்தவர்களுக்கு 5.9 தடவை. மருந்து வைத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒரே மாதத்தில் லாக்டோபேசில்லஸ் திரும்பி வந்திருந்தது.

ஹார்மோன் என்றதும் புற்றுநோய் பயம் வருவது இயல்பு. அதன் வேர் 2002-ல் இருக்கிறது. அமெரிக்காவின் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற பெரிய ஆய்வில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் சற்றுக் கூடியதால் அந்தப் பகுதியை நிறுத்தினார்கள். அது வாய்வழி மாத்திரை, உடம்பு முழுக்கப் போவது. யோனியில் வைக்கும் சிறு அளவு ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கிறது. அதே திட்டத்தில் பல்லாயிரம் பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தபோது, யோனி ஈஸ்ட்ரோஜன் பயன்படுத்தியவர்களுக்கு மார்பகப் புற்றுநோயோ பக்கவாதமோ கூடவில்லை. ஆனாலும் டப்பாவுக்குள் இருக்கும் துண்டுச்சீட்டு மாத்திரைக்குரிய எச்சரிக்கை முழுவதையும் க்ரீமுக்கும் அச்சடித்துப் பயமுறுத்துகிறது. 2025 நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., பெட்டி கட்டி அச்சிடும் இந்த எச்சரிக்கையை நீக்கப்போவதாக அறிவித்தது.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்களின் கதை வேறு. அவர்கள் மாய்ஸ்சரைசரிலும் லூப்ரிகன்டிலும்தான் தொடங்க வேண்டும். அவை போதாதபோது புற்றுநோய் டாக்டரும் மகப்பேறு டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். குறிப்பாக லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் சாப்பிடுகிறவர்கள் தாமாக க்ரீம் வாங்கிவிடக்கூடாது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு யோனிச் சுவர்கள் ஒட்டிக் குறுகிவிடும் ஆபத்து உண்டு. சிகிச்சை முடிந்த சில வாரங்களில், சுவர்கள் ஒட்டாமல் விரித்துவைக்கும் டைலேட்டர் என்ற கருவியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பார்கள். கணவர் இல்லாதவரும் அதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் பரிசோதனைகூடச் செய்ய முடியாமல் போகும்.

லேசர் சிகிச்சைக்கு இப்போது விளம்பரம் அதிகம். எஃப்.டி.ஏ. 2018-லேயே அதைப் பற்றி எச்சரித்தது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், லேசர் வைத்தவர்களுக்கும் லேசர் வைப்பதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் ஒரு வருடம் கழித்து வித்தியாசமே இல்லை. அந்தப் பணத்துக்குப் பல வருடத்து க்ரீம் வாங்கலாம்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது

கூட்டமான ஓ.பி.யில் ‘என்னம்மா பண்ணுது?’ என்ற கேள்விக்கு ‘நீர்க்கடுப்பு டாக்டர்’ என்று மட்டும் பதில் சொன்னால் யூரின் டெஸ்டும் ஐந்து நாள் மாத்திரையும் கிடைக்கும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “டாக்டர், எனக்குப் பீரியட்ஸ் நின்னு மூணு வருஷம் ஆச்சு. கீழே காய்ஞ்சு எரியுது, யூரின் போனாலும் எரியுது. உள்ளே பார்த்துச் சொல்லுங்க.” இந்த மூன்று வாக்கியத்தில் அவருக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. பரிசோதனைக் கருவி வலிக்கும் என்று பயமாக இருந்தால் “சின்ன ஸ்பெகுலம் போடுங்க டாக்டர்” என்று கேட்கலாம், கேட்பதில் தப்பில்லை. எழுதி எடுத்துப்போய் நீட்டினாலும் சரி.

பரிசோதனை ஏன் வேண்டும் என்றால், எரிச்சலெல்லாம் வறட்சியல்ல. தயிர்போல் திரண்ட வெள்ளையும் அரிப்பும் பூஞ்சைத் தொற்று. வெளித்தோலில் வெள்ளைத் திட்டும் ராத்திரி தூங்கவிடாத அரிப்பும் லைக்கன் ஸ்க்ளீரோசஸாக இருக்கலாம், அதற்கு ஸ்டீராய்டு களிம்பு தேவை. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் வறட்சி என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள். கர்ப்பப்பைப் புற்றுநோய் இல்லை என்பதை டாக்டர் பரிசோதித்து உறுதிப்படுத்திய பிறகுதான் க்ரீம். ஆறாத புண், கட்டி, நாற்றமுள்ள கசிவு, காய்ச்சலோடு இடுப்புவலி இவற்றுக்கும் காத்திருக்கக்கூடாது.

கணவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐம்பதைத் தாண்டிய ஆணுக்கு விறைப்புக்கான மாத்திரை எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைத்துவிடுகிறது, அதே வீட்டில் மனைவிக்கு ஒரு ட்யூப் க்ரீம் இல்லை. இது அநியாயம். வலிக்கிறது என்று அவர் சொன்னால் நிறுத்துங்கள், அடுத்த வாரம் டாக்டரிடம் கூடப் போங்கள். வலியை எதிர்பார்த்து இடுப்பின் அடித்தளத் தசைகள் தாமாக இறுகப் பழகிவிட்டால் க்ரீம் மட்டும் போதாது, பிசியோதெரபியும் வேண்டியிருக்கும்.

மாதவிலக்கு நின்றவர்கள் வறட்சி சரியானதும் மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் அது திரும்பிவிடும். எனவே வாரம் இரண்டு நாள் என்ற கணக்கில் தொடர்ந்து வையுங்கள், வருடம் ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள். தனியாக இதற்கென்று போகக் கூச்சமாக இருந்தால், பிரஷருக்கோ சர்க்கரைக்கோ போகிற அன்றே இதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.